விரதத்தில் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்: பினாங்கு ஆலயங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலய நிர்வாகக் குழுவினருக்கும், குருக்கள்மார்களுக்கும், அருள்வாக்குச் சொல்லும் பூசாரி ஐயாமார்களுக்கும் வணக்கம்.

தைப்பூசத்துக்கு மாலை போடும் காலம் நெருங்குகிறது. தீவிலும் செபராங் பிறையிலும் உங்கள் சன்னிதிகளில் விரதக் கட்டுப்பாடுகளைச் சொல்லத் தொடங்குவீர்கள். அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்: மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் விரதத்துக்காக அதை நிறுத்தக் கூடாது.

அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விரத மாதத்தில் மருந்து வாங்க வராமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டாரைக் கேட்டால், "சாமி வேண்டாமென்று சொல்லிவிட்டது" என்பார்கள். டாக்டர் சொன்னால் தலையாட்டுகிற அதே குடும்பம், நீங்கள் சொன்னால் அப்படியே செய்கிறது. சுகாதார அமைச்சுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதன் காரணம் இதுதான்.

லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்குப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்படுவது. திடீரென்று நிறுத்தினால் நோய் பழைய வேகத்தோடு திரும்பும் அபாயம் அதிகம். ஆனால் மருந்தை விடாமல், உப்பையும் தண்ணீரையும் மட்டும் விட்டாலும் ஆபத்துதான். உடம்பில் உப்பு குறையும்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பில்லா விரதம், வெறும் வயிறு, கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு பல மணி நேரம், பிறகு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள். இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாவதற்கு இதைவிடத் தோதான நிலை வேறு என்ன வேண்டும்? கை நடுங்கும், வாந்தி வரும், நாக்குக் குழறும், கால் தள்ளாடும். சுற்றி நிற்பவர்களோ "வேல் வேல்" என்று குரல் கொடுத்து, அருள் வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை ஆம்புலன்ஸ்.

மற்ற மனநோய் மருந்துகளிலும் பல, உடம்பு வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கின்றன. காவடி எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாலை போடுவதற்கு முன் டாக்டரையோ மருந்தாளரையோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். சைவ விரதத்தில் இருப்பதால் மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டினோ என்று பயந்து கூடு போட்ட மாத்திரைகளை (கேப்சூல்) ஒதுக்குகிறவர்களும் உண்டு; கேட்டால் மாற்று கிடைக்குமா என்று பார்த்துச் சொல்வார்கள். (கேட்பதற்குத்தான் நம்மவர்களுக்கு எத்தனை கூச்சம்!)

அருள் வருவதை நோய் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. மனநல மருத்துவமே அப்படிச் சொல்வதில்லை. சமயச் சடங்கின் பகுதியாக, ஊர் ஏற்றுக்கொண்ட விதத்தில் வரும் அருள்நிலையை அது நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அருள் இறங்கியவர் திருநீறு பூசி, மோர் குடித்து, மறுநாள் வேலைக்குப் போகிறார். வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று தாயையே சந்தேகிக்கும் பிள்ளையின் கதை வேறு. அவனைச் செய்வினை, ஏவல் என்று இரவு முழுக்க உட்கார வைத்துப் பூசை செய்தால், தூக்கமின்மையே நோயை இன்னும் கிளப்பிவிடும். மிளகாய்ப் புகை போடுவதையும் பிரம்பால் அடிப்பதையும் பற்றி நான் வாதாடப் போவதில்லை. அது வைத்தியமும் அல்ல, பக்தியும் அல்ல. உங்கள் வளாகத்தில் நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு.

இது நம்மவர்களிடம் மட்டும் உள்ள பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். கிளந்தானில் 134 மலாய் மனநோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், மனநல மருத்துவரிடம் வருவதற்கு முன்பே 69 விழுக்காட்டினர் போமோ என்ற மலாய் மந்திர வைத்தியரைப் பார்த்திருந்தது தெரியவந்தது. நம் குடும்பங்களில் பூசாரி, போமோ, சீனர் கோயில் என்று மூன்றையும் சுற்றிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். இல்லாததை உண்மையென்று நம்பவைக்கும் மனச்சிதைவு நோயில் சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்குத் தேறுவது கடினம். அந்தச் சுற்றில் கரையும் மாதங்கள்தான் என் கவலை.

2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டில் ஏர்வாடி தர்காவுக்கு அருகே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அதற்கு மறுவருடம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வேறொரு செய்தி வந்தது. திண்டுக்கல் பக்கம் முத்துசாமி கோயிலில் உறவினரோடு வந்து தங்கிய 31 பேரை ஆராய்ந்திருந்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறிகளின் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லை. காலையில் சிறு பூசை, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, அவ்வளவுதான். சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் கிடையாது. அதை வைத்து மருந்தே வேண்டாம் என்று யாரும் கொடி பிடிக்க முடியாது. ஆனாலும், யாரும் திட்டாமல், ஏதோ ஒரு வேலையைக் கொடுத்து, மனிதராக நடத்தும் இடத்துக்கு ஒரு பலன் இருக்கிறது என்பதை நான் நம்புகிறேன். அதை உங்களால் கொடுக்க முடியும். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் கேலி பேசும் நம் ஊரில், அங்கிருந்து திரும்பிய ஒருவரை அன்னதானக் கூடத்தில் பரிமாற நிறுத்துங்கள். அக்கம்பக்கத்தார் தாமாக வாயை மூடிக்கொள்வார்கள்.

செலவுக்குப் பயந்து பரிகாரத்தோடு நின்றுவிடுகிறவர்களிடம், கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான் என்று சொல்லுங்கள். மேற்கொண்டு போக வேண்டுமானால் அங்கேயே கடிதம் கொடுப்பார்கள். எலுமிச்சம்பழம் அதைவிட விலை கூட.

அறிவிப்புப் பலகையில் ஒட்டவும், மாலை போடும் நாளில் ஒலிபெருக்கியில் படிக்கவும் எழுதிவைத்திருக்கிறேன். மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள்:

"பக்தர்களே, மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் விரத நாட்களிலும் அதை விடாமல் சாப்பிடுங்கள். அதனால் விரதம் கெடாது. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீரையும் உப்பையும் தவிர்க்க வேண்டாம். காவடி எடுப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழையுங்கள். கோயில் அலுவலகத்தில் சொன்னாலும் கூட வருவோம்."

கடைசி வரியைப் படிப்பதற்கு முன், கூட வருவதற்கு இரண்டு தொண்டர்களைப் பெயர் குறித்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தக ஊழியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு