கடலில் கொட்டியது போதும்

அமெரிக்கத் தொலைக்காட்சி, ஓடிடி நிறுவனங்களில் பழைய நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் ஒரு ராத்திரி ‘பிக்கடில்லி’ பார்த்தேன். 1929-இல் லண்டனில் வெளிவந்த மௌனப் படம். கிளப்பில் சாப்பிட வந்த ஒருவர் தட்டு அழுக்காக இருக்கிறதென்று சத்தம் போடுகிறார். விசாரிக்க முதலாளி சமையல்கட்டைத் தாண்டி, தட்டு கழுவும் அறைக்கு இறங்கிப் போகிறார். அங்கே கழுவ வேண்டிய தட்டுகள் அப்படியே கிடக்க, மேசைமேல் ஏறி நின்று ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள். மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். கிழிந்த காலுறை. அவசரமே இல்லாத ஆட்டம். அதற்குப் பிறகு படத்தில் வேறு யாரையும் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்தான் சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் படத்தைப் புதுப்பித்து வைத்திருப்பதால், எங்கோ உட்கார்ந்துகொண்டு என்னாலும் அதைப் பார்க்க முடிகிறது.

அதே அன்னா மே வாங் 1951-இல் தன் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். அதைத்தான் இன்று யாராலும் பார்க்க முடியாது. இந்த மடல் அதற்காக.

அவர் 1905-இல் லாஸ் ஏஞ்சலஸில் சலவைக்கடைக்காரர் மகளாகப் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் வாங் லியு சாங். சைனாடவுனில் எங்கே ஷூட்டிங் நடந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போய் நின்ற பெண். 17 வயதில் ‘தி டோல் ஆஃப் த சீ’ படத்தில் கதாநாயகி. டெக்னிகலர் நிறுவனத்தின் தொடக்க கால வண்ணப் படம் அது. வெள்ளைக்காரன் கைவிட்டுப் போன சீனப் பெண், பிள்ளையை அவனுடைய அமெரிக்க மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்குவதுதான் முடிவு. பிறகு வந்த படங்களிலும் பெரும்பாலும் அதே தலையெழுத்து. ‘பிக்கடில்லி’யில் சுட்டுக் கொல்லப்படுகிறார். திரையில் இத்தனை முறை செத்தாயிற்றே என்று அவரே கேலி பேசுவார்.

1932-இல் ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ படத்தில் அன்றைய பெரிய நட்சத்திரம் மார்லீன் டீட்ரிக்குக்கு ஈடுகொடுத்து நடித்தார். அதற்குப் பிறகும் 1937-இல் வந்த ‘தி குட் எர்த்’ படத்தில் சீன விவசாயியின் மனைவி வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. கணவனாக நடித்த பால் முனி வெள்ளையர். வெவ்வேறு இனத்தவரைத் திரையில் ஜோடி சேர்க்கக் கூடாது என்பது ஹாலிவுட்டின் அன்றைய தணிக்கை விதியான ஹேஸ் விதி. ஆகவே சீன மனைவியாகவும் வெள்ளைக்காரரான லூயிஸ் ரெய்னரே நடித்தார், ஆஸ்காரும் வாங்கினார். வாங்குக்கு வந்ததெல்லாம் குடியைக் கெடுக்கும் இரண்டாவது மனைவி வேடம். வேண்டாமென்று சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடம் இது.

இவ்வளவுக்கும் பிறகுதான் 1951 ஆகஸ்டில் டூமாண்ட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நெட்வொர்க்கில் ‘தி கேலரி ஆஃப் மேடம் லியு-சாங்’ ஆரம்பித்தது. வாரம் அரை மணி நேரம். கலைப்பொருள் கூடம் நடத்தும் சீனப் பெண் குற்றங்களைத் துப்புத் துலக்குகிறார். சாகவில்லை, யார் குடியையும் கெடுக்கவில்லை. தொடரின் தலைப்பில் இருந்தது அப்பா அம்மா வைத்த பெயர். ஆசிய அமெரிக்கர் ஒருவர் முதன்மைப் பாத்திரமாக நடித்த முதல் அமெரிக்கத் தொடர் அதுதான். நவம்பரோடு நின்றுபோனது. இன்று ஓர் எபிசோடு, ஒரு ஸ்கிரிப்ட்கூட எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

காரணம் உங்களுக்கே தெரியும். நேரடி ஒளிபரப்பை மானிட்டரில் ஓடவிட்டு, அதைக் கேமராவால் படம்பிடித்த கினஸ்கோப் சுருள்தான் அன்றைக்கு இருந்த ஒரே பதிவு. 1956-இல் டூமாண்ட் மூடப்பட்டது. சுருள்கள் கிடங்கில் கிடந்தன. பிறகு நடந்ததை, டூமாண்டில் பணியாற்றிய நடிகை எடி ஆடம்ஸ் 1996-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நடத்திய விசாரணையில் சொன்னார். 1970-களின் தொடக்கத்தில் நிறுவனம் கைமாறும்போது, இவற்றை வைத்துக் காப்பாற்றும் செலவு யார் தலையில் என்று வக்கீல்களுக்குள் பேரம். ஒரு வக்கீல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று பெரிய லாரிகள் வந்தன. சுருள்கள் படகில் ஏறின. சுதந்திர தேவி சிலையைத் தாண்டி நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டன.

இதைச் சொன்ன ஆடம்ஸ் வெறுமனே புலம்பியவர் அல்ல. கணவரும் தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞருமான எர்னி கோவாக்ஸ் 1962-இல் இறந்தபின், அவருடைய நிகழ்ச்சி டேப்களை அழித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்ததும், மிச்சத்தைத் தன் காசு போட்டு வாங்கிப் பத்திரப்படுத்தினார். இன்று கோவாக்ஸை நாம் பார்ப்பது அவர் புண்ணியத்தில். திருமணம் ஆகாத வாங்குக்கு அப்படிச் சண்டைபோட வீட்டில் ஆள் இல்லை. 1961-இல் 56 வயதில் மாரடைப்பில் போய்விட்டார்.

ஊருக்கு உபதேசம் செய்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது, டி.பி.ராஜலட்சுமி அதில் எப்படி நடித்தார் என்று பார்க்க எங்களிடமும் பிரதி இல்லை. பறிகொடுத்தவன் பேசுகிறேன், அவ்வளவுதான்.

2022-இல் அமெரிக்க அரசு 25 சென்ட் நாணயத்தில் வாங்கின் முகத்தைப் பொறித்தது. நல்லது. அதே வருடம்தான், எடுத்து முடித்த ‘பேட்கேர்ள்’ (Batgirl) என்ற ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படம் கணக்கில் நஷ்டமாக எழுதப்பட்டு வெளிவராமலே போனது. ஓடிடியில் ஓடிக்கொண்டிருந்த தொடர்களும் சத்தமில்லாமல் காணாமல் போயின. டிவிடியே வராத தொடரை சர்வரிலிருந்தும் எடுத்துவிட்டால், பார்ப்பவனுக்கு அது விரிகுடாவில் கிடக்கிற மாதிரிதான். இந்த முறை லாரிகூட வேண்டியதில்லை.

கேட்பது இரண்டே விஷயம். எதை நீக்கினாலும், நீக்குவதற்கு முன் முழுத் தரத்தில் ஒரு பிரதியைக் காங்கிரஸ் நூலகத்திலோ யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகத்திலோ சேர்த்துவிடுங்கள். உரிமை உங்களிடமே இருக்கட்டும்.

இரண்டாவது, தேடுங்கள். கேபிள் இணைப்பு எட்டாத ஊர்களின் நிலையங்களுக்கு டூமாண்ட் கினஸ்கோப் பிரதிகளைத் தபாலில் அனுப்பி வந்தது. எல்லாமே திரும்பி வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த நிலையங்களில் பல, கைமாறிக் கைமாறி இன்று உங்கள் குழுமங்களிடம்தான் இருக்கின்றன. பட்டியலில் ஏறாத 16 மி.மீ. டப்பாக்களை ஒருமுறை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதியிலேயே தொடரின் பெயரைச் சுருக்கிவிட்டார்கள் என்பதை மட்டும் தேடுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்: மேலே ‘கேலரி’ என்று எழுதியிருக்கலாம், வெறும் ‘மேடம் லியு-சாங்’ என்றும் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய பட ரசிகன்