கூச்சப்படாமல் அழுத்து

அன்புள்ள மகளுக்கு,

பழனிக் காவடி குன்றக்குடியிலிருந்து கிளம்பிவிட்டது. டாக்டர் பேச்சைக் கேட்டு இந்த வருஷமும் நான் நடக்கப் போகவில்லை. முகப்பில் உட்கார்ந்து நீ அனுப்பிய படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் நான்கு நாள் மலைநடை, போன் சிக்னல் கிடையாது, கூட ஒரே ஒரு தோழி. பாதயாத்திரையில் ஒருத்தருக்குக் கால் பிசகினால் பத்துப் பேர் நின்றுவிடுவார்கள். நீ போகிற வழியில் அடுத்த ஆள் எப்போது வருவாரோ. அதனால், உன் சீனியரிடம் பழையதாக வாங்கிய அந்த மஞ்சள் பீக்கனை, ஆபத்தில் அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அந்தக் கைக்கருவியைப் பற்றி இந்த வாரம் முழுக்கப் படித்தேன்.

முதலில் பேட்டரியைப் பார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான செக்ரியில் வேலை பார்த்த காலமெல்லாம் பேட்டரியோடு புழங்கியவன், என் கண் அங்கேதான் போகும். உன் போனில் இருப்பது திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் ரகம். குளிரில் சட்டென்று சோர்ந்துவிடும். பீக்கனில் இருப்பது சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம். சும்மா கிடந்தாலும் வருஷக்கணக்கில் சக்தியைக் காத்து வைத்திருக்கும், அழுத்தினால் குறைந்தது 24 மணி நேரம் சமிக்ஞை அனுப்பும். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. கருவியின் மேலேயே தேதி போட்டிருக்கும். அது தாண்டியிருந்தால் எடுத்துக்கொண்டு போகாதே. அங்கே வாடகைக்கும் கிடைக்கிறது.

அடுத்தது பதிவு. அழுத்தியதும் 406 மெகாஹெர்ட்ஸில் அதன் அடையாள எண் செயற்கைக்கோளுக்குப் போகும். ஜி.பி.எஸ். உள்ள கருவியானால் நீ இருக்கும் இடமும் சேர்ந்து போகும். அங்கிருந்து தரை நிலையம், பிறகு நியூசிலாந்தின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம். அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவருக்கும் அவர் கொடுத்திருக்கும் ஆட்களுக்கும்தான் போன் போட்டு விசாரிப்பார்கள். இன்னும் சீனியர் பெயரிலேயே இருந்தால், நீ பாறையில் கிடக்கும்போது அவர்கள் அவருடைய வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெயர் மாற்றக் காசு கிடையாது. இன்றைக்கே செய்துவிடு.

தொடர்புக்கு என் எண்ணைக் கொடுப்பதாகச் சொன்னாய். கொடு, ஆனால் முதலில் அங்கேயே இருக்கும் ஒருவரைப் போடு. எந்த வழி, மலைநடைக்காரர்கள் தங்கும் குடிசைகளில் எதில் எந்த ராத்திரி, என்ன நிறச் சட்டை, என்றைக்குத் திரும்புவீர்கள் என்பதெல்லாம் எங்கள் இரண்டு பேரிடமும் எழுத்தில் இருக்கட்டும். குடிசைகளில் இருக்கும் நோட்டிலும் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று தவறாமல் எழுதிவிட்டுப் போ.

பீக்கன் பைக்குள் இருக்கக் கூடாது. அந்த ஊர் ஆறுகள் மழை பெய்தால் திடீரென்று ஏறிவிடுமாம். கடக்கும்போது பையை ஆறு இழுத்துக்கொண்டு போனால் பீக்கனும் அதோடு போய்விடும். இடுப்பிலோ மேல்சட்டைப் பையிலோ வைத்துக்கொள். அழுத்தும்போது ஆன்டெனாவை முழுதாக நீட்டி, வானம் தெரிகிற இடத்தில் வை. ஹெலிகாப்டர் பக்கத்தில் வந்தபிறகு 121.5 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைப் பிடித்து உன்னைத் தேடுவார்கள். அதனால் அவர்கள் சொல்லும்வரை அணைக்காதே.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன், ஆத்தா. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு நெஞ்சு வலித்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மா அசந்து தூங்குகிறாள், பக்கத்து வீட்டுக் காரை இந்நேரத்தில் எப்படிக் கேட்பது என்று விடியும்வரை பட்டாலையில் படுத்துக் கிடந்தேன். அந்த ஐந்து மணி நேரம்தான் இதயத்தைப் பாதி கெடுத்தது என்று டாக்டர் சொன்னார். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஏன் எழுப்பலை?" என்று அழுதார்.

கால் உடைந்து நகர முடியாவிட்டாலும், ரத்தம் நிற்காவிட்டாலும், குளிரில் தோழிக்குப் பேச்சுக் குழறினாலும் அழுத்திவிடு. இவ்வளவுக்கு ஹெலிகாப்டர் வேண்டுமா, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அங்கே உட்கார்ந்து கணக்குப் போடாதே. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் நாடு நான்கும் பகை நடுவிலேயே சேர்ந்து இந்த ஏற்பாட்டைத் தொடங்கின. 1982-இல் கனடாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்த மூன்று பேரின் உயிரைக் காப்பாற்றியது ஒரு சோவியத் செயற்கைக்கோள் பிடித்த சமிக்ஞை. யார் எவர் என்று கேட்காமல் உதவுவதற்காகவே இருப்பது அது. தெரியாமல் கை பட்டுவிட்டால் அணைத்துவிட்டு, எப்படியாவது மீட்பு மையத்துக்குத் தகவல் சொல்லிவிடு, போதும்.

ஊருக்கு வரும்போது மட்டும் பீக்கனை அங்கேயே வைத்துவிட்டு வா. செயற்கைக்கோள் கருவிகளை அனுமதி இல்லாமல் கொண்டுவந்து நம் விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

பேட்டரித் தேதியைப் படம் எடுத்து அனுப்பு. மலையை விட்டு இறங்கி சிக்னல் கிடைத்ததும் போன் பண்ணு. அங்கே காலை ஆறரை என்றால் இங்கே ராத்திரி பதினொன்று. அப்பச்சி தூங்கியிருப்பாரே என்று யோசிக்காதே.

அன்புடன்,
அப்பச்சி