கேள்வி நேரத்தில் கேமராவை அணைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளூர் வரலாற்றுக் கழகங்கள் நடத்தும் சொற்பொழிவுகள், மரபு நடைகள், புகைப்படக் கண்காட்சிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இவற்றுக்குக் கூட்டம் சேர்வதே பெரிய விஷயம் என்று கட்டுரையாளர் மகிழ்ந்திருந்தார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வந்தவர்களை வெறும் பார்வையாளர்களாகவே உட்கார வைத்து அனுப்பிவிடுகிறார்களே என்ற ஆதங்கமும் இருக்கிறது.

நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் பழைய கடைத்தெருப் படம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, "அந்த மாடிக் கட்டடம் முதல்ல அச்சகம். எங்கப்பா அங்கதான் எழுத்துக் கோத்தார்" என்றார். கூட வேலை பார்த்தவர்கள் பெயர், முதலாளி யார், ஏன் மூடினார்கள் என்று மளமளவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டினோம். அப்புறம் நன்றியுரை. பேச்சாளரின் உரை முழுவதும் வீடியோவில் இருக்கிறது. பெரியவர் பேசியது எதிலும் இல்லை. கேள்வி நேரம் வந்ததும் கேமராவை அணைத்துவிட்டார்கள்.

வரி ஏடுகளும் பத்திரப் பதிவுகளும் காப்பகத்தில் இருக்கும், அடுத்த ஆண்டு போனாலும் பார்க்கலாம். எழுத்துக் கோத்தவரின் பெயர் அவற்றில் வராது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் 1948-ல் வாய்மொழி வரலாற்றுப் பணியை, அதாவது மக்களின் நினைவுகளைப் பேட்டி கண்டு பதிவு செய்யும் பணியைத் தொடங்கியபோது, பெரும்பாலும் பிரபலங்களைத்தான் பேட்டி கண்டார்கள். சாதாரண உழைப்பாளிகளின் நினைவுகளும் வரலாறுதான் என்ற எண்ணம் பிறகுதான் வலுப்பெற்றது. உள்ளூர்க் கழகத்துக்கு அந்த வேலை இயல்பாகவே பொருந்தும். அந்த மனிதர்கள் அதன் கூட்டத்துக்குத் தாங்களாகவே வருகிறார்களே!

சொற்பொழிவுகளுக்கு நடுவே ஒரு நாளை, வீட்டிலிருக்கும் பழைய படங்களைக் கொண்டுவரும் நாளாக வைக்கலாம். படத்தை அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்ற பயத்திலேயே பலர் எடுத்து வருவதில்லை. சிறிய படங்களை 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் எடுத்தால் முகங்களைப் பெரிதாக்கிப் பார்க்க முடியும். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகச் சொல்லச் சொல்லி, சொல்பவரின் குரலையும் அவர் சம்மதத்தோடு பதிவு செய்யலாம். எதை வெளியிடலாம், எதை வேண்டாம் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

படங்களைக் காப்பது பற்றியும் அன்றே சொல்லித் தரலாம். ஆசையாக லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு படம் கெடாமல் பிரிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் அதன் பசை மஞ்சளாகிக் கறை பிடிக்கும். பின்பக்கம் பால்பாயிண்டில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும்; மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதினால் போதும்.

கேசட்டுகளுக்கு அவசரம் இன்னும் அதிகம். அவற்றை ஓட்டும் கருவிகளும் உதிரி பாகங்களும் கிடைப்பது அரிதாகிவிட்டது. தாத்தா பாட்டி பேசிய நாடா யார் வீட்டிலாவது இருந்தால் அதைத்தான் முதலில் டிஜிட்டலாக மாற்ற வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். விவரம் தெரியாத பழைய படம் ஒன்றை, உரியவர் அனுமதியோடு இதழ்தோறும் வெளியிட்டு, "இவர்களைத் தெரியுமா?" என்று வாசகர்களைக் கேளுங்கள். வரும் பதில்களை அந்தந்தக் கழகத்துக்கே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்