பேயில்லாத கல்லறை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பொங்கல் கோலப்போட்டியும் பிளஸ் டூ மாணவர்களுக்கான பரிசளிப்பும் குறையில்லாமல் முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிகச் சத்தம் எழுந்தது ஒரே விஷயத்துக்குத்தான்: நம் வேலூர்க் கோட்டைக்கு அருகிலுள்ள பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கப் போனது.

யோசனை இளைஞர் பிரிவுடையது. நடுநிசியில் அங்கே ஒரு துரை நடமாடுகிறார், பூட்ஸ் சத்தம் கேட்கும், சுருட்டு வாசம் வரும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் கதை ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அமாவாசை ராத்திரியில் போகவேண்டும் என்றார்கள். மூத்தவர்களோ பகலில்கூட வேண்டாம், பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டிலிருந்து யாரும் வரவே கூடாது என்றார்கள். கடைசியில் ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் என்று முடிவானது. வீடு திரும்பியதும் தலைக்குக் குளிப்பது அவரவர் விருப்பம் என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது.

சுருட்டுக் கதையை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது. 1809-இல் திருவிதாங்கூர்ச் சண்டையில் குண்டடிபட்டு இறந்த போல் என்ற கேப்டனின் கல்லறைக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் பிராந்தியும் சுருட்டும் படைத்தார்கள் என்று கால்டுவெல் எழுதியிருக்கிறார். அகால மரணம் அடைந்தவன் யாராக இருந்தாலும், அவனுக்குப் பிடித்ததை வைத்துச் சமாதானம் செய்வது நம் ஊர் வழக்கம்தானே.

அங்கே போனதும் முதலில் பார்த்தது முள்ளும் பிளாஸ்டிக் பையும்தான். அப்புறம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய மேடைகள், அவற்றின் வெடிப்பில் வேர்விட்ட அரசங்கன்றுகள். பாசி படிந்த ஒரு கல்லில் எழுத்தே தெரியவில்லை. நம் மகளிர் பிரிவு உறுப்பினர் ஒருவர் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு, கைப்பையிலிருந்த கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தார். வரி வரியாக எழுத்து எழும்பி வந்தது. அதுவரை மதில் ஓரமே நின்றிருந்த பெரியவர்கள் அப்போதுதான் கிட்டே வந்தார்கள்.

1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் வெடித்த சிப்பாய்ப் புரட்சியில் மடிந்த ஆங்கிலேயருக்கு இங்கே நினைவுச்சின்னம் உண்டு. திருநீறும் நாமமும் கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணியவேண்டும் என்ற உத்தரவுதான் நெருப்பை மூட்டியது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். அவர் மனைவி குழந்தைகளோடு கோழிக்கொட்டகையில் ஒளிந்து பிழைத்தார். காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். அதன்பின் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

இது தீர்மானம் அல்ல, என் கருத்து: ஆவியாக அலைய யாருக்காவது நியாயம் உண்டென்றால் அந்தச் சிப்பாய்களுக்குத்தான். துரைக்குப் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. அவர்களுக்கு மக்கான் சந்திப்பில் ஒரு பொதுத் தூண் இருக்கிறது, அதுவும் நம் காலத்தில் வைத்தது. ஆனாலும் பேய்க்கதையில்கூட வெள்ளைக்காரனுக்குத்தான் வேடம் கிடைக்கிறது. மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று நம் ஊரைச் சொல்வார்கள். 1981-இல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பிவந்து கடைசியைப் பொய்யாக்கிவிட்டார். அந்த இடத்தில் 'பேயில்லாக் கல்லறை'யைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று உபதலைவர் சொன்னதற்கு நல்ல கைதட்டல்.

சரி, வருத்தமான செய்தியும் உண்டு. செயற்குழு முடிவை மீறிச் சில பையன்கள் இரவில் மதிலேறி 'பேய் வேட்டை' வீடியோ எடுத்தார்கள். ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு. வீடியோவில் கேட்கும் அலறல் கூகையினுடையது. சாவுக்குருவி என்று நாம் கல்லெறிந்து விரட்டும் அதே பறவை. எலி பிடித்துத் தின்கிறது, வேறு தொந்தரவு இல்லை. வீடியோவை நீக்கச் சொன்னோம், நீக்கியும் விட்டார்கள். இனி இரவு நடை கிடையாது.

சுத்தம் செய்ய அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, நினைவூட்டலும் அனுப்பியாயிற்று. அனுமதி வந்தாலும் கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதையும் யாரும் கொண்டுவர வேண்டாம். கல்லின் மேல்தோலோடு எழுத்தும் போய்விடும். அரசங்கன்றைப் பிடுங்கவும் கூடாது, வேரோடு செங்கல்லும் பெயர்ந்து வரும். குப்பை பொறுக்குவது மட்டும் நம் வேலை.

வரும் ஆண்டில், கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கர் அடங்கியிருக்கும் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கும், திப்பு சுல்தான் குடும்பத்தார் கல்லறைகளுக்கும் போகலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. 1832-இல் இங்கேயே சிறைவாசத்தில் இறந்தவர் அந்த மன்னர். அவரைப் பற்றி இதுவரை பேய்க்கதை எதுவும் குழுவில் வரவில்லை. தயவுசெய்து யாரும் தொடங்கிவைக்க வேண்டாம்.

நடைக்கு வருபவர்கள் தொப்பியும் தண்ணீரும் தாங்களே கொண்டுவரவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுச் செல்லவும்.

செயலாளர்