7 வயதிலேயே வழக்கா?

ஆசிரியருக்கு,

7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்வது குற்றமாகாது என்றது 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம். அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே 7இலேயே நிற்கிறது. சட்டத்தின் பெயரை மாற்றியவர்கள் வயதை மாற்றவில்லை! ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2019இல் பரிந்துரைத்த வயதோ குறைந்தது 14.

12 வயதுவரை விவரம் தெரியாத பிள்ளைக்கு விலக்கு உண்டு, சரி. ஆனால் விவரம் தெரியுமா என்று முடிவாவதற்குள், மிட்டாய்க் கடைக் கல்லாவில் கைவைத்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க நேரலாம். விசாரணைக் காலத்தில் சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் போகலாம். 12 வயதுக்கு உட்பட்டவர்களை வழக்கிலிருந்து அடியோடு விலக்கி, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்