மகனுக்கு: உன் காரின் பின் டிஃபரன்ஷியல் பற்றி

அன்புள்ள கண்ணு,

"ஆர்180 எத்தனை ஹெச்.பி. தாங்கும்மா?" என்று போனில் கேட்டாய். ஆர்180 என்பது உன் பழைய டாட்சன் 240இசட் காரில் இருக்கும் டிஃபரன்ஷியல், எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. அங்கேயே ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் நீ அதைப் பிடித்துக்கொண்டு புது எஞ்சினை மாட்டியிருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்படி ஒரு எண் கிடையாது. யாராவது சொன்னால், எந்த டயரில், எந்த கியரில், கிளட்சை எப்படி விட்டால் என்று திருப்பிக் கேள்.

டிஃபரன்ஷியலுக்குள், எஞ்சின் பக்கமிருந்து சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பல், கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் பல்லைத் தள்ளுகிறது. அந்தப் பல்லை ஒடிப்பது முறுக்கு விசை, அதாவது நீங்கள் டார்க் என்று சொல்வது. எஞ்சினின் டார்க் நேராக அங்கே போவதில்லை, கியர் பாக்ஸ் அதைப் பெருக்கிவிட்டுத்தான் அனுப்புகிறது. உன் 240இசட்டின் 2.4 லிட்டர் எஞ்சின் புதிதாக வந்தபோது 151 ஹெச்.பி., ஏறக்குறைய 198 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் பெருக்கம் சுமார் 3.55 மடங்கு. பெருக்கிப் பார், பினியனுக்கு 700 வருகிறது. நீ மாட்டப்போகும் நிசானின் ஆர்பி25 டர்போ எஞ்சினுக்கு 250 ஹெச்.பி., 294 நியூட்டன் மீட்டர். அதன் கியர் பாக்ஸில் முதல் கியர் சுமார் 3.2. பினியனுக்கு 940-ஐத் தாண்டும். ஹெச்.பி. 65 சதவீதம் கூடுகிறது, பல்லுக்கு வரும் சுமையோ 40 சதவீதத்துக்குள்தான். அதே புது எஞ்சின் மூன்றாவது கியரில் முழு மூச்சாக இழுத்தாலும், பழைய எஞ்சின் முதல் கியரில் கொடுத்த சுமையைவிடக் குறைவாகவே வரும். ஹெச்.பி.யை வைத்து இதைக் கணிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது டயர். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கார் சுமார் 1050 கிலோ. வேகமாகக் கிளம்பும்போது பின் சக்கரங்கள் மேல் 650 கிலோ உட்காருகிறது என்று வை. சாதாரண ரோடு டயர், உராய்வு 0.8, சக்கரத்தின் ஆரம் 31 சென்டிமீட்டர். இரண்டு டயரும் சேர்ந்து 1580 நியூட்டன் மீட்டர் வரைதான் பிடிக்கும், அதற்கு மேல் வழுக்கிவிடும். பினியன் ஒரு சுற்றுச் சுற்ற உன் டிஃபரன்ஷியல் டார்க்கைப் பெருக்கும் 3.364 விகிதத்தால் வகுத்தால் பினியனில் 470 மட்டுமே. எஞ்சின் 940 கொடுக்கத் தயாராக இருந்தாலும், டயர் வழுக்குவதால் பல்லுக்கு அது போய்ச் சேராது. இனி அகலமான, ஒட்டும் ரேஸ் டயரைப் போடு. உராய்வு 1.2, பின்னால் 700 கிலோ. அதே கணக்கு 760 என்று வரும். எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், டயரை மாற்றியதாலேயே பல்லின் சுமை 60 சதவீதம் ஏறிவிட்டது. டிராக் நாளுக்கு என்று நீ வாங்கி வைத்திருக்கும் டயர் செட்டை நினைத்துத்தான் எனக்குக் கவலை, எஞ்சினை நினைத்து அவ்வளவு இல்லை.

இவ்வளவும் சீராக இழுக்கும்போது. கிளட்சைப் பட்டென்று விட்டால் இந்தக் கணக்கு செல்லாது. சுத்தியலை ஆணி மேல் வைத்து அழுத்தினால் இறங்காத ஆணி, அடித்தால் இறங்குகிறது அல்லவா, அப்படித்தான் இதுவும். நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் மொத்த வேகமும் ஒரே நொடியில் பினியன் மேல் விழுகிறது. சக்கரம் தடதடவென்று குதித்துக் குதித்துப் பிடித்தால் ஒவ்வொரு குதிப்பும் ஒரு அடி. நல்ல டிஃபரன்ஷியல்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

பாலிடெக்னிக்கில் நான் மெஷின் டிசைன் பாடம் நடத்திய காலத்தில், லாரி பட்டறைகளில் கழித்துப் போட்ட பினியன்களை வாங்கி வந்து மேசை மேல் வைப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒடிந்த முகத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். வளைவு வளைவாக வரிகள் இருந்தால் பல்லின் அடியில் கீறல் விழுந்து நாள்பட வளர்ந்திருக்கிறது. முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருந்தால் ஒரே அடியில் போயிருக்கிறது. பல்லின் மேல்தோல் மட்டும் கடினம், உள்ளே கொஞ்சம் இளகிய இரும்பு. கீறல் விழுந்த பிறகும் அது பல நாள் தாங்கி நிற்கும். "இத்தனை நாள் ஓட்டியாச்சு, ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொல்கிற பேச்சில் அதனால்தான் எனக்கு நம்பிக்கையில்லை.

ஒடிந்தால் கார் நின்றுவிடும், அவ்வளவுதானே என்று நினைக்காதே. ஒடிந்த துண்டு பினியனுக்கும் கிரௌன் வீலுக்கும் நடுவில் சிக்கினால் பின் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில், வளைவில், அது நடக்கக் கூடாது கண்ணு. நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு வேறு காரணம் இல்லை.

என் முடிவு இது. ரோடு டயர், மெதுவாகக் கிளம்பும் பழக்கம், இரண்டும் இருந்தால் நல்ல நிலையில் உள்ள ஆர்180 உன் புது எஞ்சினோடு காலம் தள்ளும். நீ டிராக்குக்குப் போகிறவன், ஒட்டும் டயர் போடுகிறவன். அதைவிடப் பெரிய டிஃபரன்ஷியலான ஆர்200 போடு. பெயரிலேயே இருக்கிறது: கிரௌன் வீல் 180 மில்லிமீட்டருக்குப் பதில் 200. மற்றதெல்லாம் அதே அளவில் பெரிதானால் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏறும், அது ஏறக்குறைய 37 சதவீதம். பினியனில் உனக்குக் கூடும் சுமைக்கு ஒட்டியே வருகிறது. ஆர்பி25 பிறந்த நிசான் ஸ்கைலைன் காரிலும் ஆர்200 வகைதான் இருந்தது. உன் காரின் தம்பியான 280இசட்டிலும் 1975-லிருந்து அதைத்தான் போட்டார்கள்.

விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 4.375 பக்கம் போகாதே. 3.364 என்றால் கிரௌன் வீலில் 37 பல், பினியனில் 11. 4.375 என்றால் 35-க்கு 8. அதே கிரௌன் வீலுக்குப் பினியன் சிறுத்துப்போகிறது, ஒரு நேரத்தில் சுமை தாங்கும் பற்களும் குறைகின்றன. டர்போ எஞ்சினுக்கு அந்த விகிதம் தேவையும் இல்லை. 3.545 போதும்.

ஆர்200 மாட்டும்போது அதைப் பின்னால் தாங்கும், மீசை வடிவில் வளைந்த இரும்புப் பட்டையான மீசை பாரையும் அதற்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். டிஃபரன்ஷியலின் முன் மூக்கைத் தாங்கும் ரப்பர் ஐம்பது வருடப் பழசு என்றால் யோசிக்காமல் தூக்கிப் போடு. மூக்கு எழும்பி எழும்பி விழுந்தால் மேலே சொன்ன சுத்தியல் அடி தினமும் விழும். உன்னுடையது 1970 மாடல் என்பதால் இன்னொன்று. அந்தக் கார்களில் டிஃபரன்ஷியல் கொஞ்சம் முன்னால் இருந்ததால் அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் அரை ஷாஃப்டுகள் கோணலாகவே ஓடின. 1971-ல் கம்பெனியே அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நீயும் தள்ளு. டிஃபரன்ஷியலைப் பலப்படுத்திவிட்டால் அடுத்த பலவீனமான இடம் அரை ஷாஃப்ட் ஜாயிண்டும், சக்கரத்துக்குள் போகும் ஸ்டப் ஆக்ஸிலும்தான். உன்னுடையதில் ஸ்டப் ஆக்ஸிலுக்கு 25 வரிப்பல், 280இசட்டில் 27. கிடைத்தால் அதையும் வாங்கிவிடு. இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றட்டும் என்று டிஃபரன்ஷியலின் உள் கியர்களை வெல்டு பண்ணும் பேச்சே வேண்டாம், ஒவ்வொரு திருப்பத்திலும் இந்த ஷாஃப்டுகள்தான் அதன் விலையைக் கொடுக்கும்.

ஆயில் ஜிஎல்-5 ஹைபாய்டு ஆயிலாகவே இருக்கட்டும். இந்த வகைப் பல் உருளுவதோடு வழுக்கவும் செய்யும், சாதாரண கியர் ஆயில் அந்த அழுத்தத்தில் நிற்காது. புது பேரிங் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு ஆயிலை மாற்று.

விக்டோரியாவில் இந்த எஞ்சின் மாற்றத்துக்கு வாஸ் பொறியாளரின், அதாவது மாற்றிய வண்டிகளைச் சரிபார்க்க அரசு அங்கீகரித்தவரின், சான்றிதழ் வேண்டும் என்று நீயே சொன்னாய். எல்லாம் முடித்துவிட்டு அவரிடம் போகாமல் இப்போதே போய்ப் பேசு. பிரேக்கைப் பற்றியும் அவர் கேட்பார், அதற்கும் பணம் ஒதுக்கி வை.

பட்டறைக்காரர் ஆர்200-ஐத் திறந்து ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்துப் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியான பேக்லாஷைப் பார்க்கும்போது, பற்களில் மார்க்கிங் பெயிண்ட் பூசிச் சுற்றச் சொல். இரண்டு பக்கமும் பதிந்த தடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. தடம் பல்லின் நடுவில் விழாமல் விளிம்புக்குப் போயிருந்தால் மூடியைப் போட விடாதே. எத்தனை மணி ஆனாலும் கூப்பிடு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா