பூ இருக்கிறது, பிஞ்சு எங்கே என்று கேட்டவளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பரங்கிக் கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. படத்தில் இருப்பவை எல்லாமே ஆண் பூக்கள். மெல்லிய நீளக் காம்பில் நிமிர்ந்து நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் குட்டிப் பரங்கியைச் சுமந்துகொண்டு வருவது பெண் பூ. முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூதான் வரும். வெயில் ஏற ஏற அதன் எண்ணிக்கையும் கூடும். காய் பிடிக்கவில்லையே என்று இப்போது யூரியாவைப் போட்டால் இலை கொழிக்கும், பெண் பூ இன்னும் தள்ளிப் போகும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் பொறு.

பெண் பூ வந்தபிறகும் பிஞ்சு மஞ்சளாகிச் சூம்பி விழுந்தால், அநேகமாக மகரந்தம் சேராததுதான் காரணம். தேனீ வராத இடத்தில் நீதான் தேனீ. பரங்கிப் பூ விடியும்போது விரியும், வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் வேலையை முடித்துவிடு. அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டை விரலால் தொட்டுப் பார். மஞ்சள் தூள் ஒட்டினால் நல்லது, ஒட்டாவிட்டால் வேறு பூவை எடு. பெண் பூவின் நடுவில் மடல் மடலாகப் பிரிந்திருக்கும் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவு. ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணிக்கொள்ளும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ வைத்துக்கொள். நேற்று விரிந்த பூ உதவாது.

இன்னொன்று, சுரைக்கும் பீர்க்கனுக்கும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அவற்றின் பூ சாயங்காலம் விரியும், அதனால் பொழுது சாயும் நேரத்தில் தடவ வேண்டும். காலையில் போய்ப் பார்த்துவிட்டுச் சுரை காய்க்கவே இல்லை என்று சொல்லாதே.

மதியம் இலையெல்லாம் தொங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். பெரிய இலை உள்ள கொடி உச்சி வெயிலில் அப்படித்தான் துவளும், வேர் இழுக்கும் தண்ணீரைவிட இலை விடும் தண்ணீர் அப்போது அதிகம். பார்த்ததும் ஓடிப்போய் ஊற்றாதே. மண் ஈரமாக இருக்கும்போதே ஊற்றிக்கொண்டிருந்தால் வேர் அழுகும். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் கவலை. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார், காய்ந்திருந்தால் வேர் முழுதும் நனையும்படி அடியில் ஊற்று, இலைமேல் வேண்டாம். தொட்டி என்றால் ஒரு கொடிக்கு 40 லிட்டர் கொள்ளளவாவது வேண்டும், கோடையில் தினமும் தண்ணீர் கேட்கும். மண்மேல் காய்ந்த சருகோ வைக்கோலோ 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பு. தண்டை ஒட்டி மட்டும் ஒரு கை அகலம் விட்டுவிடு. அங்கே ஈரம் தங்கினால் தண்டு அழுகும்.

பூச்சியில் முதலில் வருவது செம்மஞ்சள் நிறப் பூசணி வண்டு. முளைத்த இரண்டு இலையைச் சல்லடையாக்கிவிடும். அதன் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும், அதனால் இலைமேல் வண்டைப் பிடித்தால் மட்டும் போதாது, தண்டைச் சுற்றி மண்ணை லேசாகக் கிளறியும் விடு. அதிகாலையில் வண்டு மந்தமாக இருக்கும், அப்போது கையாலேயே பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். நாற்றை முதல் நாளிலிருந்து கொசுவலையால் மூடிவைப்பது இதைவிட நல்லது. பெண் பூ வந்ததும் வலையை எடுத்துவிடு.

எனக்குப் பெரிய கவலை பழ ஈதான். அது பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போகும். குத்திய இடத்தில் சின்னப் புள்ளியும் பிசின் துளியும் தெரியும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. அதனால் பூ வாடிய இரண்டாம் நாளே பிஞ்சைக் காகிதப் பையாலோ துணியாலோ மூடிக் காம்பில் கட்டு. விழுந்த காயைத் தொட்டிக்குள்ளேயோ உரக்குழியிலேயோ போடாதே. புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகித் திரும்பி வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நாள்கணக்கில் வெயிலில் வை. பொறி வாங்கினால் கியூலூர் என்ற, ஈயை இழுக்கும் வாசனை மருந்து போட்டதாகக் கேட்டு வாங்கு. மாமரத்துக்கு வைக்கும் பொறியில் மெத்தில் யூஜினால் என்ற வேறு வாசனை மருந்து இருக்கும், அதற்கு இந்த ஈ வராது. பொறி ஆண் ஈயைத்தான் பிடிக்கும், குத்துவது பெண் ஈ. ஆகவே பொறி இருந்தாலும் பையை விட்டுவிடாதே.

இரண்டாவது படத்தில் இலை நரம்பு ஓரமாக வெள்ளையாகத் தெரிகிறதே, அதை விரலால் தேய்த்துப் பார். தூளாக விரலில் வந்தால் சாம்பல் நோய், வராவிட்டால் அது சில பரங்கி ரகத்தின் இயல்பான நிறம். நோய் என்றால் அடியில் உள்ள இலைகளைக் கிள்ளி எறிந்து காற்றோட்டம் கொடு. கந்தகத் தூளைத் தூவ வேண்டாம், கடும் வெயிலில் பூசணி வகை இலை கருகிவிடும்.

இலையில் ஊசி முனைப் புள்ளிகளாக வெளுத்து, அடியில் நுண்ணிய நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன். வறண்ட சூட்டில் கிடுகிடுவென்று பெருகும். மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவு. காலையில் செய், இலை சீக்கிரம் காயட்டும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயைச் சில சொட்டு சோப்புத் திரவத்தோடு கலந்து பால்போல் ஆக்கிய பிறகு தண்ணீரில் ஊற்று, இல்லாவிட்டால் மேலே மிதக்கும், பட்ட இலை வெந்துபோகும். இரண்டு இலையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு, வெயில் முழுதும் தாழ்ந்தபின் அடிப்பக்கம் நனையத் தெளி. சுரைப் பூ அப்போது விரிந்திருக்கும், அதில் படாமல் பார்த்துக்கொள்.

மற்றச் செடிகளில் வெண்டை, தட்டைப்பயறு, கொத்தவரை, தண்டுக்கீரை நான்கும் இந்தச் சூட்டைத் தாங்கும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறி, முற்றவிட்டால் புதுப் பூ குறையும். நரம்பெல்லாம் மஞ்சள் பின்னியது போல் வெண்டை இலை மாறினால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. அந்தச் செடி தேறாது, மனசு வராவிட்டாலும் பிடுங்கிவிடு. தக்காளி பகலில் 35 டிகிரிக்கு மேல் பூவை உதிர்க்கும். அது உன் தப்பில்லை. மதியத்துக்கு 35 சதவீத வெயிலைத் தடுக்கும் நிழல்வலை கட்டிச் செடியைக் காப்பாற்றி வை, சூடு தணிந்ததும் காய்க்கும்.

சுரைக்காய் சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கி எறிந்துவிடு. வெந்தாலும் அந்த நஞ்சு போகாது, வயிற்றைப் பலமாகக் கெடுக்கும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

அடுத்த தடவை படம் எடுக்கும்போது இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் எடுத்து அனுப்பு. மேல்பக்கத்தை மட்டும் பார்த்து என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
அப்பா